ஈரந்தாங்கு நார்ப்பலகை: வெள்ளிக்குள் முடிவு தேவை

தாள் தொகுப்பவர், மதுரை:
வணக்கம். தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான கதவு வேலைத் தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பெயின்ட் அடிக்கும் பேனல் கதவுக்கு நடுவில் போடும் ஈரம் தாங்கும் எம்.டி.எஃப்.புக்கு (மரநாரைப் பிசினோடு அழுத்திச் செய்த பலகை) தமிழ்ச்சொல் வேண்டும். வரைவில் 'நீர்புகாப் பலகை' என்றிருக்கிறது. அது ஆபத்து. மெலமைன் கலந்த பிசினால் நார் ஒட்டியிருப்பதால் ஈரக்காற்றில் குறைவாக உப்பும், அவ்வளவுதான். பெயரை நம்பிக் குளியலறைக்குப் போட்டால் கதவின் அடிவிளிம்பு முதலில் உப்பும். இந்தப் பலகையின் பச்சை நிறம்கூட அடையாளச் சாயமே தவிர ஈரத்தைத் தடுப்பதில்லை.

தமிழாசிரியர், திருமங்கலம்:
'ஈரந்தாங்கு இழைப்பலகை' எனலாம்.

தச்சர், மேலூர்:
ஐயா, இழைப்பலகை என்றால் இழைப்புளி போட்டு இழைத்த பலகை என்றுதான் பட்டறையில் எடுத்துக்கொள்வார்கள். இதை இழைத்தால் பிசின் உளிவாயைச் சீக்கிரம் மழுக்கிவிடும். ரூட்டர் எந்திரத்தில் மாட்டும் கார்பைட் வெட்டுமுனைதான் தாங்கும்.

தமிழாசிரியர்:
வினைத்தொகையானால் வல்லினம் மிகாது, 'இழைபலகை' என்றே வரும். ஒற்று மிகுந்திருப்பதால் இழை இங்கே பெயர்.

தச்சர்:
பட்டறையில் சொல்லைக் காதால்தான் வாங்குகிறோம். அங்கே அந்த ஒற்று பிடிபடாது.

உறுப்பினர், அவனியாபுரம்:
'நார்' இருக்கிறதே. மல்லிகை கட்டுகிற ஊரில் நார் தெரியாதவர் யார்? நாரால் ஆன பலகை நார்ப்பலகை. குறள் 833-இல் 'நாரின்மை' அன்பின்மை. கட்டிச் சேர்ப்பதே நாரின் வேலை என்பதால்தான் அன்புக்கும் அந்தப் பெயர் வந்தது என்பது என் எண்ணம்.

தமிழாசிரியர்:
அது வேறு சொல்லாகவும் இருக்கலாம். நார்ப்பலகைக்கு மறுப்பில்லை. ஆனால் 'தாங்கு' உறுத்துகிறது. இடிதாங்கி இடியை வாங்குகிறது. இந்தப் பலகை ஈரத்தை வாங்கக் கூடாதே?

அவனியாபுரம்:
சாலையோரச் சுமைதாங்கிக் கல்லை நினையுங்கள். தாங்குவதற்கு அளவு உண்டு என்பதும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. 'புகா' என்பது அளவில்லாத வாக்குறுதி.

தொகுப்பவர்:
எடுத்துக்கொள்கிறேன். அடுத்து, நடு உயர்ந்து ஓரம் சரிந்த அந்தப் பேனலுக்கு? 'புடைப்பலகை' என்று எழுதியிருக்கிறேன், புடைப்புச் சிற்பம் போல.

தச்சர்:
அதில் எதுவும் புடைக்கவில்லை. 18 மி.மீ. பலகையில் நான்கு ஓரமும் 40 மி.மீ. அகலத்துக்குச் சரித்து, 6 மி.மீ. நாக்கு விட்டு, சட்டத்தில் 10 மி.மீ. ஆழக் காடியில் (பள்ளத்தில்) செருகுகிறோம். தேக்குப் பலகை ஐப்பசியில் விரிந்து சித்திரையில் சுருங்கும்போது காடியோரம் பெயின்ட் படாத கோடு வெளியே தெரியும். நார்ப்பலகையில் மர ரேகை கிடையாது, அசைவும் மிகக் குறைவு. அதற்காகத்தான் இதைப் போடுவதே.

ஆனால் சரித்த இடத்தில் மேல்தோல் போய் நெகிழ்வான உள்ளடுக்கு வெளிவருகிறது. அங்கே நேராகத் தண்ணீர் கலக்கும் பிரைமர் (அடிப்பூச்சு) அடித்தால் நார் மயிராக எழும்பும், பெயின்டையும் குடித்துவிடும். 220 எண் உப்புத்தாள் தேய்த்து, சரிவுக்கு மட்டும் தின்னர் கலக்கும் சீலர் (நுண்துளை அடைக்கும் பூச்சு) 2 கோட், இடையில் 320 எண் உப்புத்தாள், பிறகே பிரைமர். பின்பக்கத்துக்கும் முன்பக்கம் போலவே அதே கோட் வேண்டும், இல்லாவிட்டால் வளையும். கோளாறெல்லாம் தொடங்குவது சரிவில். ஆகவே பெயரிலும் சரிவு இருக்கட்டும்: 'சரிவிளிம்புப் பலகை'.

தமிழாசிரியர்:
'சரி விளிம்பு' என்று பிரித்தால் சரியான விளிம்பு ஆகிவிடும். புடைப்பலகையே இருக்கட்டும்.

அவனியாபுரம்:
புடைப்பலகைக்கு என் வாக்கும்.

தொகுப்பவர்:
ஈரந்தாங்கு நார்ப்பலகை, புடைப்பலகை இரண்டும் தாளில் ஏறுகின்றன. முதல் முறை வருமிடத்தில் எம்.டி.எஃப்., பேனல் என்பதையும் சேர்க்கிறேன், கடையில் கேட்டு வாங்க வேண்டுமே.

தச்சர்:
சீலர் வரியில் மட்டுமாவது 'சரிவிளிம்பு' என்று போடுங்கள். புடைப்புக்கு அடி என்று எழுதினால் பையன்கள் நடுவில்தான் அடிப்பார்கள்.