கோவளத்துல சர்ஃபிங் கத்துக்குறேன், போர்டு மேல எழுந்து நிக்கவே முடியல, ஹெல்ப் ப்ளீஸ்
வணக்கம் மக்களே, ஈசிஆர் கோவளத்துல ஃப்ரெண்ட்ஸோட சேர்ந்து சர்ஃபிங் கத்துக்கிட்டு இருக்கேன், ஜூன்ல ஆரம்பிச்சோம், வீக்கெண்ட்ல விடிகாலையே காத்து கிளம்புறதுக்கு முன்னாடி இறங்கிடுவோம். மத்தவங்க எல்லாரும் நின்னுட்டாங்க, எனக்கு மட்டும் வரல.

போர்டு 8 அடி சாஃப்ட் டாப் (மேல மெத்துன்னு ஃபோம் வச்சது), என் வெயிட் 82 கிலோ, இடுப்பளவு தண்ணில உடைஞ்சு வர்ற வெள்ளை நுரை அலையிலதான் ட்ரை பண்றேன். அலை தள்ளுறது நல்லா தெரியுது, ஆனா கைய ஊனி எழும்பும்போது பின்கால் முட்டி போர்டுலயே தங்கிடுது, முன்கால் நெஞ்சுக்குக் கீழ வர்றதுக்குள்ள போர்டு மூக்கு தண்ணிக்குள்ள குத்தி ஆளையே கவுத்துடுது.

கொஞ்சம் பின்னாடி தள்ளிப் படுத்துப் பார்த்தேன், மூக்கு குத்தல, ஆனா அலை என்ன விட்டுட்டு கரைக்குப் போயிடுது. மணல்ல போர்டு மாதிரி கோடு போட்டு பாப் அப் (படுத்த நிலையில இருந்து சட்டுனு எழுந்து நிக்கிறது) பண்ணா சுத்தமா வருது! கோச் சொன்னபடி கீழ பார்க்காம கரையப் பார்த்தே எழுந்தும் பார்த்தாச்சு, வீட்ல புஷ் அப்பும் விடாம போகுது. ஐப்பசி மழை வந்து கடல் மோசமாகுறதுக்குள்ள நின்னுடணும்னு அவ்ளோ ஆசையா இருக்கு.

கிட்டத்தட்ட இதே வெயிட்ல கத்துக்கிட்டவங்க சொல்லுங்க, 9 அடி போர்டுக்கு மாறினா இது சரியாகுமா?