ஃபெரன்ட்ஸின் நிதான ஆட்டம்: அயோவாவைக் காத்ததா, கட்டிப்போட்டதா?

கரும்பொன்:
1999 முதல் அயோவா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியை நடத்திவருபவர் கிர்க் ஃபெரன்ட்ஸ். அவரைப் பயந்தாங்கொள்ளி என்று ஏசுவது வழக்கமாகிவிட்டது. நான் அவர் பக்கம். 2023இல் முன்னேறிய யார்டு கணக்கில் நாட்டிலேயே கடைசியில் கிடந்த தாக்குதல் வரிசையை வைத்துக்கொண்டு களத்தில் பத்து ஆட்டங்களை வென்றார். அயோவா ஆடும் பிக் டென் கூட்டமைப்பின் இறுதிக்கும் போனார். பந்தைப் பறிகொடுக்காதே, வழியில்லையென்றால் பன்ட், அதாவது பந்தைக் கையிலிருந்து விட்டு நெடுந்தூரம் உதைத்து எதிரணியை அதன் கோட்டருகே தள்ளு, மீதியைத் தற்காப்பு பார்த்துக்கொள்ளும். இதில் எங்கே இருக்கிறது கோழைத்தனம்?

கின்னிக்வாசல்:
இறுதிக்குப் போய் என்ன கண்டார்? மிச்சிகனிடம் 0-26. அடுத்து பருவ முடிவில் ஆடும் சிட்ரஸ் பவுல் ஆட்டத்தில் டென்னசியிடம் 0-35. தற்காப்பைப் பயிற்றுவித்த ஃபில் பார்க்கர் அந்த ஆண்டு நாட்டின் சிறந்த துணைப் பயிற்சியாளருக்கான பிராய்ல்ஸ் விருதை வாங்கியவர். அவருடைய தற்காப்பு ஆட்டக்காரர்களை மூச்சு வாங்கக்கூட விடாமல் திரும்பத் திரும்பக் களத்துக்கு அனுப்பினார்கள். நினைத்தாலே வயிறு எரிகிறது.

கரும்பொன்:
கதையைப் பாதியில் தொடங்காதீர்கள் நண்பரே. மிச்சிகனிலிருந்து வந்த, தாக்குதலை நடத்திப் பந்தெறியும் குவார்ட்டர்பேக் கேட் மக்நமாரா செப்டம்பர் 30 அன்று முழங்கால் அடிபட்டு வெளியேறினார். அவர் இடத்துக்கு வந்த டீக்கன் ஹில் எறிந்ததில் பாதிகூடச் சக ஆட்டக்காரர் கைக்குப் போய்ச் சேரவில்லை. அவரை நீளமாக எறியச் சொல்வதுதான் பொறுப்பின்மை. மறுபக்கம், மெல்போர்னிலிருந்து வந்த டோரி டெய்லர் அந்தப் பருவத்தில் பன்ட்டில் மட்டும் 4,479 யார்டு உதைத்துத் தேசிய சாதனை படைத்தார். வீட்டில் இருக்கும் அரிசியைத்தானே உலையில் போட முடியும்?

கின்னிக்வாசல்:
அரிசி வாங்குகிறவரே அவர்தானே? 2022 செப்டம்பர் 3 அன்று நான் அயோவாவின் சொந்தக் களமான கின்னிக் அரங்கில் இருந்தேன். ஒரு படி கீழ்ப்பிரிவில் ஆடும் சவுத் டகோட்டா ஸ்டேட்டை 7-3 என்று வென்றோம். கம்பங்களுக்கிடையே உதைத்து எடுக்கும் ஃபீல்டு கோல் ஒன்று (3 புள்ளி), எதிரணியை அதன் கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கி எடுக்கும் சேஃப்டி இரண்டு (தலா 2). பந்தை எதிரணிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோகும் டச்டவுனே இல்லை. டெய்லர் உதைத்தபோது எழுந்து நின்று கைதட்டியவர்களே, எங்கள் குவார்ட்டர்பேக் ஸ்பென்சர் பெட்ராஸ் பந்தெறிய வந்தபோது கூச்சலிட்டார்கள். என் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் கவிழ்த்துவைத்துவிட்டு, ஆட்டம் முடியும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன்பிறகும் பெட்ராஸ்தான். அக்டோபரில் ஒஹாயோ ஸ்டேட்டிடம் 10-54 என்று நொறுங்கியபோது இடைவேளைக்குப் பின் மாற்றுக் குவார்ட்டர்பேக் அலெக்ஸ் பாடில்லாவை இறக்கினார். அடுத்த வாரமே மறுபடியும் பெட்ராஸ். தாக்குதலைக் கவனித்தவர் ஃபெரன்ட்ஸின் சொந்த மகன் பிரையன். ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி எடுக்க வேண்டும் என்று 2023இல் அந்த மகனின் ஒப்பந்தத்தில் எழுதும் நிலை வந்தது. எடுத்தது 15 சொச்சம்.

ஏழுயார்டு:
குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். நிதானத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டிய ஆட்டத்தில், முதல் இரண்டில் ஓடி ஓடி மூன்று யார்டு எடுத்தால், மூன்றாம் முயற்சியில் ஏழு யார்டு மிச்சம் நிற்கும். அந்த ஒரு பந்தைச் சரியாக எறிபவர் இல்லையென்றால் திட்டமே இல்லை. பாதுகாப்பாக ஆடும் அணிக்குத்தான் கை தேர்ந்த குவார்ட்டர்பேக் கட்டாயம் வேண்டும். இதை ஃபெரன்ட்ஸ் வெகுகாலம் உணரவில்லை என்பதே என் வருத்தம். புள்ளி குறைந்த ஆட்டத்தில் ஒரு விசில் போதும், எல்லாம் போய்விடும். 2023இல் மினசோட்டாவிடம் 10-12 என்று தோற்ற அன்று, எங்கள் கூப்பர் டிஜீன் பன்ட்டைப் பிடித்து ஓடி எடுத்த டச்டவுனை, இடது கையை அசைத்தது 'ஓடமாட்டேன்' என்ற சைகைக்குச் சமம் என்று நடுவர்கள் ரத்து செய்தார்கள். இரண்டு டச்டவுன் முன்னிலை இருந்திருந்தால் அந்தக் கை அசைவை இன்று யார் பேசுவார்கள்?

கரும்பொன்:
உணரவில்லை என்பது தவறு. அந்த 7-3 ஆட்டத்தில் எதிரணிக் குவார்ட்டர்பேக் யார்? மார்க் குரோனவ்ஸ்கி. அதன்பின் அவர் அந்த அணிக்கு இரண்டு பட்டங்கள் வாங்கிக் கொடுத்தார். 2025இல் அவரையே அயோவாவுக்கு அழைத்துவந்தவர் இதே ஃபெரன்ட்ஸ். எழுபதைத் தொட்ட வயதில் ஒருவர் தன்னை மாற்றிக்கொண்டால் அதற்கு மதிப்புக் கொடுங்கள்.

கின்னிக்வாசல்:
அந்த மதிப்பைக் கொடுக்கிறேன். ஆரிகனுடன் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தேன். கடைசி இரண்டு நிமிடத்துக்குள் குரோனவ்ஸ்கி தானே பந்தைச் சுமந்து பாய்ந்து முன்னிலை வாங்கிக் கொடுத்தார். 16-18 என்று தோற்றோம். இருந்தும் என்னால் தலைநிமிர்ந்து எழ முடிந்தது. ஆனால் 2022இல் பெட்ராஸை ஏன் அத்தனை வாரம் மாற்றாமல் களத்திலேயே வைத்திருந்தார் என்பதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை, கரும்பொன்.