பெரியப்பாவின் பதினாறு மணி நேரம்

பெரியம்மா: காலை பத்தே முக்காலுக்கு இவருக்குக் கை நடுங்கி, சட்டையெல்லாம் வியர்த்துவிட்டது. மிஷினில் பார்த்தால் சர்க்கரை 62. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன். கால் மணி கழித்து 91. இப்போது இட்லி சாப்பிடுகிறார்.

அத்தை: ஐயோ அண்ணி! அதுவரை அண்ணன் சாப்பிடவே இல்லையா?

பெரியம்மா: இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்காம். நாலு நாளாக ராத்திரி எட்டுக்கு மூடும் வாயை மறுநாள் பன்னிரண்டுக்குத்தான் திறக்கிறார்.

பெரியப்பா: தம்பி மூன்று மாதத்தில் 7 கிலோ குறைத்தானே, அவன் சொன்னதுதான்.

நான்: பெரியப்பா, நான் மாத்திரை எதுவும் போடாதவன். நீங்கள் இன்று போட்டீர்களா?

பெரியப்பா: அதை விடுவேனா? ஏழு மணிக்கே போட்டாயிற்று.

அக்கா: போச்சு. அதில் கிளிமிபிரைடு இருக்கிறது அப்பா. வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா என்று அது பார்க்காது, கணையத்தை விரட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். அதனால்தான் சாப்பாட்டோடு போடச் சொல்வது. எங்கள் வார்டுக்கு விரத நாட்களில் இப்படி வருகிறவர்கள் உண்டு.

சித்தப்பா: மூன்று நாள் ஒன்றும் ஆகவில்லையே?

பெரியம்மா: மூன்று நாளும் பாலும் அரை ஸ்பூன் சர்க்கரையும் போட்ட காபி உள்ளே போனது. பால் விட்டால் விரதம் முறியும் என்று நேற்று தம்பி சொன்னானாம். இன்று வெறும் டிகாஷன்.

நான்: 🙈 மன்னித்துவிடுங்கள் பெரியம்மா.

அத்தை: எங்கள் மாமியார் எண்பது வயது வரை ஏகாதசி இருந்தாரே?

அக்கா: அவருக்குச் சர்க்கரை மாத்திரை கிடையாது அத்தை. அதுவும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை.

சித்தப்பா: 2016இல் ஜப்பான்காரர் ஓசுமிக்கு நோபல் பரிசு கொடுத்ததே இதற்குத்தானே? பட்டினி கிடந்தால் செல் தன் குப்பையைத் தானே தின்றுவிடும் என்று ஃபார்வர்டு வந்தது.

அக்கா: அவர் ஆராய்ந்தது ஈஸ்ட்டை, சித்தப்பா. செல் தன் குப்பையைத் தின்னும் அந்த வேலை, ஆட்டோஃபேஜி, எப்படி நடக்கிறது என்று கண்டுபிடித்ததற்குப் பரிசு. அப்பாவின் தொப்பையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. 2022இல் வெளிவந்த சீன ஆய்வு ஒன்றில் 139 பேரை ஒரு வருடம் கவனித்தார்கள். எல்லோருக்கும் கலோரியைக் குறைத்து, ஒரு பிரிவினரை மட்டும் காலை 8 முதல் மாலை 4 வரை சாப்பிடச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் எடை குறைந்தது, பெரிய வித்தியாசம் இல்லை.

நான்: என் கதையும் அதுதான். எனக்கு நின்றது ராத்திரி பதினொரு மணிப் பரோட்டா.

பெரியம்மா: இவர் பன்னிரண்டு அடித்ததும் இரண்டு தட்டு சாதம், நாலுக்கு மிக்சர், எட்டாக ஐந்து நிமிடம் இருக்கும்போது பால்கோவா. நாலு நாளில் அரை கிலோ ஏறியிருக்கிறது.

பெரியப்பா: அதை எதற்குக் குடும்ப குரூப்பில் போடுகிறாய்?

அக்கா: அப்பா, இப்போதைக்கு ராத்திரி ஏழரைக்குள் சாப்பாடு, காலையில் இட்லியோடு மாத்திரை. நீங்களாக அளவைக் குறைக்கவும் வேண்டாம். இன்று சாயங்காலமே டாக்டரிடம் போய் 62 வந்ததைச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு மற்றதைப் பார்ப்போம்.

பெரியப்பா: சரிம்மா. மிக்சர்?

பெரியம்மா: டப்பாவோடு எதிர் வீட்டுக்குக் கொடுத்தாயிற்று.

பெரியப்பா: எந்த டப்பா? நேற்று வாங்கியதா?