அசைல் தொகுதி உங்களிடம் வாலாட்டிய கதை உண்டா?

அசைல் என்றால் கரிம அமிலத்தில் OH போக மிஞ்சும் துண்டு; அசிட்டைல் அதில் ஒரு வகை. நானே தொடங்குகிறேன். எம்.எஸ்சி. படித்தபோது அசிட்டைல் குளோரைடு எடுக்க, கழுவிய பிப்பெட்டைச் சரியாகக் காயவைக்காமல் விட்டுவிட்டேன். உள்ளே இரண்டு சொட்டு நீர் தங்கியிருக்கும், அவ்வளவுதான். உஸ்ஸென்று சீறி வெள்ளைப் புகை! ஃபியூம் ஹூட்டில்தான் வேலை செய்தேன். ஆனால் தலையையும் சேர்த்து உள்ளே நீட்டியிருந்தேன். அசிட்டைல் குளோரினைக் கைவிட்டு நீரைப் பிடித்துக்கொள்ள, கிளம்பியது ஹைட்ரஜன் குளோரைடு. மூக்கெரிச்சல் சாயங்காலம் வரை போகவில்லை. இதே அசிட்டைல் பாராசிட்டமாலில் நைட்ரஜனோடு சேர்ந்து வருடக்கணக்கில் சாதுவாகக் கிடக்கிறது. எல்லாம் சேர்க்கை செய்யும் வேலை.

* * *

குளோரின், நைட்ரஜன் சொன்னீர்கள், நடுவில் ஆக்சிஜனை விட்டுவிட்டீர்களே! அலமாரியில் கிடந்த பழைய ஆஸ்பிரின் புட்டியைத் திறந்தேன். குப்பென்று வினிகர் வாடை. ஈரம் பட்டு, அசிட்டைலை ஆக்சிஜனோடு கட்டியிருந்த எஸ்டர் பிணைப்பு விட்டுப்போய், அசிட்டைல் அசிட்டிக் அமிலமாகிவிட்டது. சரி, மாணவர்களுக்குக் காட்டலாம் என்று வகுப்புக்கு எடுத்துப்போய் ஃபெரிக் குளோரைடு விட்டேன். பழைய மாத்திரை பளிச்சென்று ஊதா. புதியதில் நிறமே ஏறவில்லை. மிஞ்சிய சாலிசிலிக் அமிலத்தின் ஃபீனால்தான், அதாவது பென்சீன் வளையத்தில் ஒட்டிய OH-தான், காட்டிக்கொடுத்தது.

* * *

நான் வேதியியல் படித்தவள் இல்லை. மகன் பிறந்த சில நாளில் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தப் பொட்டில் 'சி8 அதிகம்' என்று ரிப்போர்ட் வந்தது. திரும்ப எடுத்தார்கள், அதிலும் அப்படியே. எம்கேட் குறைபாடு என்றார்கள், நடுத்தர நீளக் கொழுப்பு அமிலத்தை உடைக்கும் நொதி சரியாக வேலை செய்யாதாம். டாக்டர் ஒரு தாளில் பதினாறு புள்ளி வைத்தார். கொழுப்பு அமிலம் கோஎன்சைம் ஏ என்ற துணை மூலக்கூறின் கந்தகத்தில் அசைலாக ஏறிக்கொள்ளும். உடம்பு அதை இரண்டிரண்டு கார்பனாக நறுக்கும். பதினாறு கார்பனுக்கு ஏழு வெட்டு, எட்டு அசிட்டைல். இவனுக்கு நடுத்தர நீளம் வந்ததும் கத்தி மழுங்கிவிடுகிறது. வெட்டுப்படாத எட்டுக் கார்பன் துண்டு கொழுப்பு அமிலத்தைச் சுமக்கும் கார்னிடைன் என்ற மூலக்கூறின் முதுகில் ஏறி ரத்தத்துக்கு வருகிறது. அதுதான் அந்த சி8.

மருந்தை விட முக்கியம், பட்டினி போடக் கூடாது. பட்டினியில் கொழுப்பை எரிக்க முடியாமல் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடுமாம். குழந்தையாக இருந்தபோது நடுராத்திரி அலாரம் வைத்து எழுப்பிப் பால் கொடுப்பேன். இப்போதும் வாந்தி எடுத்துச் சாப்பாடு இறங்கவில்லையென்றால் காத்திருப்பதில்லை. குளுக்கோஸ் ஏற்ற நேரே ஆஸ்பத்திரிதான். டாக்டர் எழுதிக் கொடுத்த அவசரக் கடிதம் என் கைப்பையிலேயே இருக்கிறது. மடித்து மடித்து ஓரம் கிழிந்துவிட்டது.