சர்பத் கொட்டிய விசைப்பலகை: தண்ணீரா, ஆல்கஹாலா?

வைகைக்கரையான்:
மேசையில் இருந்த நன்னாரி சர்பத் குவளை கவிழ்ந்து, என் மடிக்கணினியின் விசைப்பலகையில் வலப்பக்கம் முழுவதும் பரவிவிட்டது. உடனே சார்ஜரைப் பிடுங்கி, பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து, திரையை விரித்தபடியே கவிழ்த்து வைத்தேன். இப்போது எண்டரும் அதைச் சுற்றியுள்ள விசைகளும் அழுத்தினால் மேலே எழும்ப மறுக்கின்றன. விசைப்பலகையைத் தனியே கழற்றக்கூடிய பழைய மாடல் இது. வீட்டில் அரிசி மூட்டைக்குள் வைக்கச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சானிடைசரால் துடைத்தால் போதும் என்கிறார். சர்வீஸ் கடையிலோ ஆல்கஹாலைத் தவிர வேறெதுவும் அதன்மேல் படக்கூடாது என்கிறார்கள். எதைக் கேட்பது?

ஆய்வகத்தான்:
கடைக்காரர் சொன்னது பாதிதான் சரி. சர்பத்தில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரை. சர்க்கரை தண்ணீரில்தான் கரையும். அறை வெப்பநிலையில் 100 கிராம் தண்ணீர் ஏறத்தாழ 200 கிராம் சர்க்கரையைக் கரைத்துவிடும். ஆனால் 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் அது கரைவதே இல்லை என்று சொல்லிவிடலாம். சுத்த ஆல்கஹாலை ஊற்றித் துடைப்பவர்கள் பாகில் இருந்த ஈரத்தை மட்டும் இழுத்துவிட்டு, சர்க்கரையை இருந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். அன்றைக்கு விசை நன்றாக வேலை செய்வதாகத் தோன்றும். மழைக்காலம் வந்ததும் அந்தச் சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மறுபடி பிசுபிசுக்கும். எலுமிச்சை பிழிந்த சர்பத் என்றால் அதன் அமிலமும் உள்ளே தங்கி, உலோகத்தை அரித்துக்கொண்டிருக்கும். ஆகவே முதலில் டிஸ்டில்டு வாட்டரால் கழுவி, அதன் பிறகு ஆல்கஹாலால் அலச வேண்டும்.

பட்டறைக்காரர்:
ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவையைக் கழுவுவது வேறு, மடிக்கணினி விசைப்பலகையைக் கழுவுவது வேறு, ஐயா. விசைமூடிக்கு அடியில் கத்தரிக்கோல் போன்ற பிளாஸ்டிக் சட்டம், அதற்கடியில் ரப்பர் குமிழ், அதற்கும் அடியில் மூன்று அடுக்கு மெம்பிரேன் தாள் இருக்கின்றன. மேல்தாளிலும் கீழ்த்தாளிலும் மின்தடங்கள் அச்சிடப்பட்டிருக்கும். நடுத்தாளில் உள்ள துளைகளின் வழியேதான் அவை தொட்டுக்கொள்ளும். பல மாடல்களில் இந்தத் தாள்களை விளிம்பில் ஒட்டியே விடுகிறார்கள். ஓரிடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால் அது தாள்களுக்கிடையே தானாகப் பரவும்; வெளியே வர வழி கிடையாது. கழுவிவிட்டு எங்களிடம் கொண்டுவரப்படும் விசைப்பலகைகளைப் பிரித்தால், தாளுக்குள் ஈரத்திட்டும் கறுத்துப்போன வெள்ளித் தடமும் தெரியும். மேலோடு நின்றிருந்த சர்க்கரையைக் கரைத்து உள்ளே அனுப்பியதுதான் அந்தத் தண்ணீர் செய்த வேலை. என்னைக் கேட்டால், புது விசைப்பலகை வாங்கி மாட்டிவிடுவதே முறை. பழைய மாடல்களுக்குச் சென்னை ரிச்சி தெருவில் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

ஆய்வகத்தான்:
வாளியில் முக்கி எடுக்கச் சொல்லவில்லையே! மூடியைக் கழற்றி, சட்டத்தையும் குமிழைச் சுற்றியுள்ள இடத்தையும் ஈரத் தூரிகையால் துடைப்பதற்கு எத்தனை சொட்டு வேண்டும்? அதற்கும் தயங்குபவர்கள் 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பயன்படுத்தலாம். அதில் மீதி தண்ணீர்தான் என்பதால் சர்க்கரை ஓரளவு இளகும்; சுத்தத் தண்ணீரைவிடச் சீக்கிரமாகவும் உலரும். குழாய்த் தண்ணீர் கூடாது என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்காது, ஏனென்றால் அதிலுள்ள உப்பு உலர்ந்தபின் படிவாக நிற்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் எந்த பேட்டரி கடையிலும் கிடைக்கும். அதே கடையில் ஆசிட்டும் விற்பார்கள் என்பதால் கேனின் மேலுள்ள எழுத்தைப் படித்து வாங்குங்கள்.

சானிடைசர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கைத்தோல் வறண்டுவிடாமல் இருக்க அதில் கிளிசரின் சேர்க்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் செய்முறையிலேயே அது 1.45 சதவீதம் உண்டு. ஆல்கஹால் ஆவியானபின் அந்தக் கிளிசரின் விசைக்கடியில் தங்கிவிடும். பிசுக்கை எடுக்கப் பிசுக்கையே தடவுவானேன்?

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேரும் பழைய மாடலை வைத்தே பேசுகிறீர்கள். இன்றைய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் விசைப்பலகையை மேற்சட்டத்தோடு பிளாஸ்டிக் குமிழ்களை உருக்கியோ ரிவெட் அடித்தோ பொருத்திவிடுகிறார்கள். அவற்றில் 'புதிது மாட்டுங்கள்' என்றால் கைவைக்கும் சட்டம் முழுவதையும் மாற்ற வேண்டிவரும். செலவு பல மடங்காகும். அப்படிப்பட்டவர்களுக்குத் துடைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி ஏது? அடுத்து, உத்தரவாதக் காலம் முடியாதவர்கள் திருகைத் தொடுவதற்கு முன் யோசிக்க வேண்டும். சாதாரண உத்தரவாதத்தில் திரவச் சேதம் பொதுவாக அடங்காது. விபத்துக் காப்பைத் தனியாக வாங்கியிருந்தால் மட்டுமே பலன் உண்டு. ஈரம் பட்டால் சிவக்கும் சிறு வில்லைகளைச் சில நிறுவனங்கள் உள்ளே ஒட்டியிருப்பதால், கொட்டியதை மறைக்கவும் முடியாது.

பட்டறைக்காரர்:
ரிவெட் அடித்த மாடல்களைப் பற்றிக் கணக்குப்பிள்ளை சொல்வதை ஏற்கிறேன். ஆனால் எல்லாப் பிசுபிசுப்பும் ஒன்றல்ல என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். விசை அழுந்துகிறது, எழுத்தும் விழுகிறது, எழும்பத்தான் தாமதமாகிறது என்றால் பாகு மூடியிலும் சட்டத்திலும் மட்டுமே நிற்கிறது. அங்கே ஆய்வகத்தான் சொல்லும் தூரிகை வேலை செய்யும். தொடாமலே எழுத்து விழுந்தாலோ, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சில விசைகள் சேர்ந்தாற்போல் செத்துப்போனாலோ கோளாறு மெம்பிரேனுக்குள் இருக்கிறது. பல விசைகள் ஒரே தடத்தைப் பகிர்ந்துகொள்வதால், ஒரு தடம் அறுந்தால் அத்தனையும் போகும். அதைத் தண்ணீராலும் மீட்க முடியாது, ஆல்கஹாலாலும் மீட்க முடியாது.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை விசைப்பலகைக்கு அடியில் இருக்கும் மதர்போர்டு, அதாவது கணினியின் முதன்மை மின்சுற்றுப் பலகை. கணினியை அணைத்துவிட்டாலும் பேட்டரி இணைந்திருக்கும்வரை சில தடங்களில் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும். அமிலமும் ஈரமும் உள்ள இடத்தில் அது செம்பை அரித்துப் பச்சை பூக்க வைக்கும். அரிசி மூட்டைக்குள் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இந்த அரிப்புக்குத்தான் அவகாசம் கொடுக்கிறார்கள். முடியுலர்த்தியின் சூட்டுக் காற்றும் வேண்டாம். மெல்லிய மூடிகள் வளைந்துவிடும்.

வைகைக்கரையான்:
இருவர் சொன்னதையும் வைத்துக்கொண்டு அடிமூடியைத் திறந்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டேன். போர்டில் பச்சை எதுவும் தென்படவில்லை. விசைப்பலகையின் ரிப்பன் கேபிள் செருகும் இடத்தின் ஓரத்தில் மட்டும் பழுப்பு நிறத்தில் பாகு காய்ந்திருக்கிறது. எண்டரும் ஸ்பேஸும் கழற்றப் பயமாக இருக்கின்றன.

ஆய்வகத்தான்:
நீள விசைகளுக்கு அடியில் மெல்லிய கம்பி ஒன்று கொக்கியில் மாட்டியிருக்கும். மேலே இழுத்தால் கொக்கி முறியும் என்பதால், ஒரு பக்கத்தை நெம்பித் தளர்த்தி, கம்பி எந்தப் பக்கம் நழுவுகிறது என்று பார்த்து எடுங்கள். கழற்றிய மூடிகளை மட்டும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் தாராளமாக ஊறப்போடலாம். அவற்றில் மின்தடம் எதுவும் இல்லை.

பட்டறைக்காரர்:
மூடிகளைப் பற்றி எனக்கும் ஆட்சேபம் இல்லை. ரிப்பன் செருகியை மட்டும் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த மென்தூரிகையால் துடைத்து, மேலே 99 சதவீத ஆல்கஹாலை ஓடவிடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், அருகில் நெருப்பு வேண்டாம். எல்லாம் நன்றாக உலர்ந்தபின், பழைய விசைப்பலகையை இணைக்காமல், வெளியிலிருந்து ஒரு யூ.எஸ்.பி. விசைப்பலகையைச் செருகிக் கணினியை ஓட்டிப் பாருங்கள். பவர் பொத்தான் அந்த விசைப்பலகையிலேயே இருக்கிறதா, தனியாக இருக்கிறதா என்பதை முதலில் சொல்லுங்கள். அதைப் பொறுத்துத்தான் மேற்கொண்டு சொல்ல முடியும்.