நிறமீட்சி: விரலை அழுத்திப் பார்க்கும் சோதனைக்கு ஒரு சொல்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

‘கேப்பிலரி ரீஃபில் டைம்’ என்பதற்குத் தமிழில் நீங்கள் கொடுத்த ‘தந்துகி மீள்நிரப்பு நேரம்’ பிழையான சொல் இல்லை. பள்ளியில் தந்துகி என்ற மிக மெல்லிய ரத்தக் குழாயைப் பற்றிப் படித்த பிள்ளைக்கு அது புரியும். ஆனால் பாளையங்கோட்டையில் புதிதாக வார்டுக்கு வரும் நர்ஸ்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் என்ற முறையில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. தந்துகி யார் கண்ணுக்கும் படுவதில்லை. கட்டில் பக்கத்தில் நின்று நாங்கள் பார்ப்பது நிறத்தை.

நோயாளியின் கையை நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்திப் பிடித்து, விரல் நுனியை 5 வினாடி அழுத்துவோம். அந்த இடம் வெளுக்கும். விட்டதும் பழைய நிறம் எப்போது வருகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவோம். 2 வினாடிக்குள் வந்தால் சரி. 3 வினாடியைத் தாண்டினால் கைகால்களுக்கு ரத்தம் ஒழுங்காகப் போகவில்லையோ என்று சந்தேகப்பட்டே ஆக வேண்டும்.

நம் பக்கத்தில் இதன் அருமை டெங்கு காலத்தில்தான் தெரியும். 2012-ல் கடையநல்லூர் வட்டாரம் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். காய்ச்சல் விட்டதும், “பிள்ளைக்குச் சரியாயிட்டு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாமா சிஸ்டர்?” என்று தாய் கேட்பாள். டெங்குவில் ஆபத்து தலைகாட்டுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும். ஆனாலும் பிரஷரின் மேல் எண் கொஞ்ச நேரம் இறங்காமல் நிற்கும். கீழ் எண் ஏறி, 100/80 என்று இரண்டுக்கும் இடைவெளி 20-க்குக் குறுகிவிடும். மேல் எண்ணை மட்டும் பார்க்கிற புது நர்ஸ் ‘பிரஷர் நார்மல்’ என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள். சில்லிட்ட கையும் தாமதமாக வரும் நிறமும்தான் அவளைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

அதனால் ‘நிறமீட்சி நேரம்’ என்று வைக்கலாமா? ‘நகச்சிவப்பு நேரம்’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கைக்குழந்தைக்கு நெஞ்செலும்பின் மேல் அழுத்திப் பார்ப்பதுண்டு, அங்கே நகம் ஏது? மருதாணி வைத்த நகத்திலும் ஒன்றும் தெரியாது. கறுத்த தோலில் சிவப்பைத் தேடினால் ஏமாந்துபோவோம்.

*

தங்கச்சி, நீங்கள் சொல்வது நியாயம்தான். ஒரே ஒரு தயக்கம். ‘மீட்சி’ என்றதும் நோயாளி தேறிவிட்டார் என்று யாராவது எடுத்துக்கொள்ள மாட்டார்களா? கேஸ் ஷீட்டில் ‘நிறமீட்சி 4’ என்று இருந்தால், எண் கூடினால் நல்லதுதானே என்று தோன்றிவிடாதா? ‘நிறம் திரும்பும் நேரம்’ என்றே வைத்தால் என்ன?

*

அண்ணாச்சி, கேட்க வேண்டிய கேள்விதான். ‘நிறம் திரும்பும் நேரம்’ பாடத்தில் விளக்கமாக இருக்கட்டும். டியூட்டி மாறும்போது, “நாலாம் பெட், நிறமீட்சி தாமதம், கை சில்லுன்னு இருக்கு, யூரின் குறைவு” என்று ஒரே மூச்சில் சொல்லியாக வேண்டும். அதற்குக் குட்டையான சொல்தான் தோது. எழுதும்போது ‘நிறமீட்சி 4 வினாடி, தாமதம்’ என்று முழுதாக எழுதப் பழக்கிவிட்டால் நீங்கள் பயப்படும் குழப்பம் வராது.

‘தாமதம்’ என்றால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டுமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஏசி அறையில் நல்ல உடம்பிலும் நிறம் மெதுவாகத்தான் வரும். கையைக் கொஞ்சம் சூடாக்கி, நல்ல வெளிச்சத்தில் மறுபடி பார்க்கச் சொல்வேன். கூடவே நாடி, மூச்சு, நினைவு, சிறுநீர் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஆனால் டெங்குப் பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ, வயிறு வலிக்கிறது என்றாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ இதற்கெல்லாம் காத்திருக்கக் கூடாது. முதலில் கூப்பிட வேண்டும்.

அப்புறம், அந்த 100-க்கும் 80-க்கும் உள்ள இடைவெளியைச் சொல்லும் ‘பல்ஸ் பிரஷர்’ இன்னும் பாக்கி இருக்கிறது. ‘நாடி அழுத்தம்’ என்றால் நாடி பார்ப்பதோடு குழப்பிக்கொள்கிறார்கள். வகுப்பில் ‘அழுத்த இடைவெளி’ என்று சொல்லிப் பார்க்கிறேன். கழித்துப் பார்க்க வேண்டிய எண் என்பது அதிலேயே இருக்கிறது. உங்கள் கருத்தை எழுதுங்கள்.