கல்யாணக் கார்டில் அக்கா மகள் பெயருக்குப் பின்னால் டி.ஓ. என்று போடலாமா?

மார்த்தாண்டம் சித்தி:
எல்லோருக்கும் வணக்கம். அக்கா குடும்பம் அமெரிக்காவில், மிச்சிகனில் இருக்கிறது. அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம், இங்கே எங்கள் சர்ச்சில். கார்டு அடிக்கும் பொறுப்பு என்னிடம். பிள்ளை அங்கே மருத்துவம் படித்து, ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சியும் முடித்து, குடும்ப மருத்துவராக வேலை பார்க்கிறாள். பட்டம் டி.ஓ., அதாவது டாக்டர் ஆஃப் ஆஸ்டியோபதிக் மெடிசின்.

புரூப் பார்க்கப் போனபோது கூட வந்த சொந்தக்காரப் பெரியவர், "டி.ஓ.ன்னா எலும்பு திருகுற வைத்தியம்லா? டாக்டர்னு போடப்பிடாது. இல்லேன்னா எம்.டி.ன்னு போட்டுரு, இங்க எவனுக்குத் தெரியும்?" என்றார். பிரஸ் பையன் அந்த இரண்டு எழுத்தையும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டிலும், "லண்டனில் ஆஸ்டியோபத் என்றால் டாக்டர் இல்லையாமே" என்று கேட்டிருக்கிறார்கள்.

எலும்பு பார்ப்பதை நான் குறைவாக நினைக்கவில்லை. அப்பா பனையிலிருந்து விழுந்து கை ஒடிந்தபோது மூங்கில் தப்பை வைத்துக் கட்டி, முறிவெண்ணெய் ஊற்றிச் சரியாக்கியது ஒரு ஆசான்தான். ஆனால் இவள் படித்தது வேறு. கார்டில் என்ன போடுவது?

நெய்யூர்க்காரி, இப்போது டெட்ராய்ட்:
அக்கா, தைரியமாக டாக்டர் என்று போடுங்கள். நான் இங்கே நர்ஸ். எங்கள் வார்டு டாக்டர்களில் எம்.டி.யும் (இங்கே அது நம்ம ஊர் எம்.பி.பி.எஸ். மாதிரி அடிப்படை டாக்டர் பட்டம்) உண்டு, டி.ஓ.வும் உண்டு. கழுத்து அட்டையைப் பார்த்தால்தான் யார் எது என்று தெரியும். மருந்து எழுதுவது, ஆபரேஷன் செய்வது, எல்லாவற்றுக்கும் இருவருக்கும் ஒரே உரிமை. 50 மாநிலங்களிலும் அப்படித்தான். கடைசியாக மிசிசிப்பி 1973ல் ஒத்துக்கொண்டது. ரெசிடென்சியும் 2020 முதல் இருவருக்கும் ஒரே அங்கீகார அமைப்பின் கீழ் வந்துவிட்டது.

டி.ஓ. படிப்பில் கூடுதலாகக் கைச்சிகிச்சை ஏறக்குறைய 200 மணி நேரம் கற்றுக்கொடுப்பார்கள். மூச்சு இழுக்கச் சிரமப்பட்ட ஒரு கிழவருக்கு எங்கள் டாக்டரம்மா முதுகுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து, விலாவை மெல்லத் தூக்கித் தூக்கி விட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதே கையால்தான் அவருக்கு ஆன்டிபயாட்டிக்கும் எழுதினார்.

எம்.டி. என்று மாற்ற மட்டும் வேண்டாம் அக்கா. 1962ல் கலிபோர்னியாவில் 65 டாலர் கட்டினால் டி.ஓ.வை எம்.டி. ஆக்கித் தந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேல் பேர் வாங்கிக்கொண்டார்கள். புதிய டி.ஓ.க்களுக்கு அங்கே உரிமம் நின்றுபோனது. 1974ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் மறுபடி கிடைத்தது. அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய பட்டத்தை நம்ம ஊர் பிரஸ்ஸில் அழிப்பதா?

ஆசாரிபள்ளம் தாத்தா:
மக்களே, மாப்பிள்ளை வீட்டார் கேட்டதிலும் உண்மை இருக்கிறது. அவர்களைக் கோபித்துக்கொள்ளாதே. மகன் வீட்டுக்கு இங்கிலாந்து போயிருந்தபோது இடுப்பு வலிக்கு ஒரு ஆஸ்டியோபத்திடம் போனேன். நல்ல கை. ஆனால் மாத்திரை கேட்டபோது, "அதற்கு உங்கள் டாக்டரைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டார். அங்கே 1993ல் தனிச் சட்டம் போட்டு, பதிவு செய்தவர் மட்டுமே ஆஸ்டியோபத் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறார்கள். அவர்கள் மருத்துவர்கள் அல்லர். அமெரிக்காவில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1892ல் மிசௌரியில் தொடங்கிய ஆஸ்டியோபதிப் பள்ளியிலிருந்து வந்த வழி முழு மருத்துவமாக வளர்ந்துவிட்டது. வேர் ஒன்று, கிளை இரண்டு. இதை அவர்களிடம் பொறுமையாகச் சொல்.

அப்புறம், பிள்ளை இங்கே வந்து வைத்தியம் பார்ப்பதென்றால் நம் நாட்டுப் பதிவு தனியாக வேண்டும். கார்டுக்கு அது தேவையில்லை.

மார்த்தாண்டம் சித்தி:
ரொம்ப நன்றி தங்கச்சி, நன்றி தாத்தா. இரண்டையும் அவளிடம் போனில் வாசித்துக் காட்டினேன். சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சித்தி, எம்.டி.ன்னு போட்டா அது நான் இல்ல" என்றாள். பெயருக்கு முன்னால் டாக்டர், பின்னால் டி.ஓ. என்று பிரஸ்ஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மாப்பிள்ளையின் அம்மாவிடமும் பேசியாயிற்று, "முதல்லயே சொல்லியிருந்தா கேட்டிருக்க மாட்டோமே" என்றார்கள். சனிக்கிழமை கார்டு வரும். பெரியவர் வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.